காரில் பாட்டு இனிக்க வேண்டுமா? கதவு ஸ்பீக்கரை மாற்றும் முன் இதைப் படியுங்கள்

கம்ப்யூட்டர் இதழில் கார் ஸ்பீக்கருக்கு என்ன வேலை என்று நினைக்கிறீர்களா? காரில் நீங்கள் கேட்கும் பாட்டு, பெரும்பாலும் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து பென் டிரைவில் ஏறி வந்ததுதான். பாட்டு இரைந்தால் குறை ஸ்பீக்கரிலும் இருக்கலாம், பைலிலும் இருக்கலாம், கதவிலும் இருக்கலாம். எது என்று பார்க்காமல் கடைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் குடும்பத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

என் தங்கை வீடு நடுவட்டத்தில். ஊட்டியிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் பைக்காராவைத் தாண்டி, மலை கீழே இறங்கத் தொடங்கும் இடம் அது. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை ஆரம்பித்தால், மேற்கு பார்த்த அந்தச் சரிவுகளில் சாரலும் மூடுபனியும் வாரக்கணக்கில் விடாது. மாப்பிள்ளை ஒரு பழைய ஏழு சீட் எஸ்.யு.வி. வைத்திருக்கிறார். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, கூடலூர் சந்தைக்குப் போவது, அத்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது என எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வண்டிதான்.

முன் கதவு ஸ்பீக்கர்கள் கரகரத்ததால், ஒரு மே மாதம் கடையில் கொடுத்து மாற்றினார். பெட்டியில் பெரிய எழுத்தில் 300 வாட்ஸ் என்று போட்டிருந்தது. ஆனால் எதிர்பார்த்த ‘பாஸ்’ வரவில்லை. ஜூலையில் வேறு வினை வந்தது. கால் வைக்கும் இடத்துக் கார்பெட் ஊறிப்போனது. கதவுக்குள் இருந்த ஒரு கப்ளரில் ஈரம் ஏறி, இறக்கிய கண்ணாடி மேலே ஏற மறுத்தது. கொட்டும் மழையில் இரண்டு நாள் ஜன்னலில் பாலிதீன் ஒட்டி வண்டி ஓட்டினார்கள்.

“மச்சான், பாட்டு கேட்கிறேன்னு போய் காரைக் குளமாக்கிட்டேன்” என்றார் மாப்பிள்ளை. நான் போய்க் கதவைத் திறந்து பார்த்தபோது நான்கு தவறுகள் தெரிந்தன. அந்த நான்கும் புது ஸ்பீக்கரால் வந்தவை அல்ல. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு முன், பெட்டியில் போட்டிருக்கும் அந்த வாட்ஸ் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

வாட்ஸ் என்னும் மாயம்

கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் வாங்கியவர்களுக்கு ‘பிஎம்பிஓ’ நினைவிருக்கும். கையடக்க ஸ்பீக்கரின் பெட்டியில் 1000 வாட்ஸ் பிஎம்பிஓ என்று அச்சடித்திருப்பார்கள். அது ஒரு கண நேர உச்சத்தைக் காட்டும் விளம்பரக் கணக்கு. தொடர்ந்து எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது ‘ஆர்எம்எஸ்’ வாட்ஸ் மட்டுமே. கார் ஸ்பீக்கரிலும் ஆர்எம்எஸ் எண்ணை மட்டும் பாருங்கள். 300 வாட்ஸ் பெட்டியை மாப்பிள்ளையும் நானும் திருப்பிப் பார்த்தோம். பின்பக்கம் சிறிய எழுத்தில் ஆர்எம்எஸ் 50 வாட்ஸ் என்று இருந்தது.

அந்த 50 வாட்ஸையாவது கார் ஸ்டீரியோ கொடுக்குமா? ஸ்டீரியோவின் முகப்பில் ‘50 வாட்ஸ் × 4’ என்று எழுதியிருப்பார்கள். இந்த 50 எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது காரின் மின்சாரம் சுமார் 14.4 வோல்ட். வழக்கமான கார் ஸ்பீக்கரின் தடை 4 ஓம். 14.4 ஐ 14.4 ஆல் பெருக்கி 4 ஆல் வகுத்தால் சுமார் 52 வாட்ஸ். சிக்னல் முழுக்கச் சிதைந்து சதுர அலையாகிப் போனால்தான் அந்த அளவு கிடைக்கும். சிதையாத சுத்தமான ஒலிக்கு அதில் பாதி, அதாவது சுமார் 26 வாட்ஸ்தான் உச்சவரம்பு. ஸ்டீரியோவுக்குள் ஏற்படும் இழப்பும் போனால், கையில் கிடைப்பது ஏறக்குறைய 15 முதல் 20 வாட்ஸ்.

தனி ஆம்ப்ளிஃபயர் வைக்காதவரை, 300 என்றாலும் 500 என்றாலும் உங்கள் ஸ்பீக்கருக்குப் போவது இந்த அளவுதான். எனவே பெரிய எண்ணுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். குறைந்த வாட்ஸில் அதிக ஒலி தரும் ஸ்பீக்கரைத் தேடுங்கள். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பிறகு பார்ப்போம்.

முதல் வேலை கம்ப்யூட்டரில்

பணம் செலவழிக்கும் முன் பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். ஏதாவது ஒரு பாட்டு பைலின் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் சென்று, டீடெய்ல்ஸ் டேபில் ‘பிட் ரேட்’ எவ்வளவு என்று பாருங்கள்.

ஆடியோ சிடியில் ஒரு நொடி இசைக்கு சுமார் 1,411 கிலோபிட் தகவல் இருக்கிறது. 128 கிலோபிட் எம்பி3 ஆக மாற்றும்போது அதில் பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். காது எளிதில் கவனிக்காத ஒலிகளை நீக்கித்தான் இவ்வளவு சுருக்குகிறார்கள். ஆனாலும் சிம்பல் தட்டும் ஓசை, வீணையின் நுனி அதிர்வு போன்றவை இதில் அடிபடும். ஐந்து நிமிடப் பாட்டு 128 கிலோபிட்டில் 4.8 எம்பி, 320 கிலோபிட்டில் 12 எம்பி. ஒரு 16 ஜிபி பென் டிரைவில் 320 கிலோபிட் பாடல்களே சுமார் 1,300 கொள்ளும். இடம் போதாது என்ற காலம் போய்விட்டது. சுருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இதில் ஓர் ஏமாற்றும் உண்டு. 128 இல் இருந்த பைலையே 320 ஆக மாற்றிச் சிலர் தருவார்கள். பைல் பெரிதாகும், போன ஒலி திரும்ப வராது. இதைக் கண்டுபிடிக்க ‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருள் உதவும். அதில் பாட்டைத் திறந்து, ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, அனலைஸ் மெனுவில் ‘பிளாட் ஸ்பெக்ட்ரம்’ கிளிக் செய்யவும். 320 என்று சொல்லும் பைலில் சுமார் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கோடு செங்குத்தாக விழுந்திருந்தால் சந்தேகப்படலாம். மிகப் பழைய பாடல்களில் மூலப் பதிவிலேயே அந்த உயர் ஒலிகள் இருக்காது. எனவே புதிய பாட்டை வைத்துச் சோதியுங்கள்.

உங்களிடம் பழைய ஆடியோ சிடிக்கள் இருந்தால் அவற்றை விண்டோஸ் மீடியா பிளேயர் மூலம் ‘ரிப்’ செய்து 320 கிலோபிட் எம்பி3 ஆகச் சேமிக்கலாம். லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லையென்றால் யு.எஸ்.பி.யில் இணைக்கும் வெளி டிரைவ் போதும். பென் டிரைவை ‘ஃபேட்32’ முறையில் ஃபார்மட் செய்யுங்கள். பழைய கார் ஸ்டீரியோக்கள் பல மற்ற முறைகளைப் படிக்காது. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பதால் முதலில் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளவும்.

மாப்பிள்ளையின் பென் டிரைவில் இருந்தவை பெரும்பாலும் 64 கிலோபிட் பாடல்கள். வாட்ஸ்அப்பில் வந்தவையும் கலந்திருந்தன. இது முதல் தவறு.

எந்தக் கதவில் குறை?

அடுத்து, எந்த ஸ்பீக்கர் கெட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கும் ஆடாசிட்டியே போதும். ஜெனரேட் மெனுவில் ‘சர்ப்’ தேர்ந்தெடுங்கள். தொடக்க அலைவரிசை 40 ஹெர்ட்ஸ், முடிவு 15,000 ஹெர்ட்ஸ், அளவு 0.3, நேரம் 40 விநாடி எனக் கொடுங்கள். ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் போடுங்கள்.

காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஒலியைக் குறைவாக வைத்து இதை ஓடவிடுங்கள். ஸ்டீரியோவின் பேலன்ஸ், ஃபேடர் இரண்டையும் பயன்படுத்தி ஒரு நேரத்தில் ஒரு கதவு மட்டும் ஒலிக்கும்படி செய்யுங்கள். தாழ்ந்த ஒலியில் ‘டர்ர்’ என்று அதிர்ந்தால் கதவைக் கையால் அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் நின்றுவிடுகிறதா? அப்படியானால் குறை டோர் பேடில், அதாவது கதவின் உள்பக்க உறையில். ஒரு கிளிப் உடைந்திருக்கும். அழுத்தியும் நிற்காமல் கரகரத்தால் ஸ்பீக்கரின் கூம்போ ஓரமோ கிழிந்திருக்கலாம்.

இரண்டு முன் கதவுகளும் தனித்தனியே நன்றாக ஒலித்து, சேர்ந்து ஒலிக்கும்போது மட்டும் பாஸ் காணாமல் போகிறதா? ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு கூம்பு வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தங்கை வீட்டு வண்டியில் இரண்டாவது தவறு இதுதான். இடது கதவில் வயர் மாறியிருந்தது. சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஸ்பீக்கர் வாங்கும்போது

சோதனைக்குப் பிறகும் ஸ்பீக்கரை மாற்றத்தான் வேண்டும் என்றால் இவற்றைக் கவனிக்கவும்.

அளவு: பல எஸ்.யு.வி.க்களின் கதவில் 6.5 இஞ்ச் ஸ்பீக்கர் இருக்கும். சிலவற்றில் சிறியதோ, முட்டை வடிவ 6×9 இஞ்சோ இருக்கும். விட்டம் மட்டும் பார்த்தால் போதாது, ஆழமும் முக்கியம். கண்ணாடியை முழுக்க இறக்கி வைத்துவிட்டு, ஸ்பீக்கர் துளையிலிருந்து கண்ணாடி வரை எத்தனை மில்லிமீட்டர் இடம் இருக்கிறது என்று அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

வகை: ‘கோஆக்சியல்’ வகையில் நடுவிலேயே ட்வீட்டர் பொருத்தப்பட்டிருக்கும், பொருத்துவது எளிது. ‘காம்பொனன்ட்’ வகையில் ட்வீட்டர் தனி. அதைக் கண்ணாடி ஓரத்தில் உயரமாக வைத்தால் பாட்டு காலடியிலிருந்து வராமல் முகத்துக்கு நேரே வரும். வேலையும் செலவும் கூடுதல்.

சென்சிட்டிவிட்டி: முன்பு சொன்னது இதைத்தான். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் கேட்கிறது என்ற அளவு. 3 டெசிபல் கூடுதலாக உள்ள ஸ்பீக்கர், பாதி வாட்ஸிலேயே அதே ஒலியைத் தரும். 88 டெசிபல் ஸ்பீக்கரைவிட 91 டெசிபல் ஸ்பீக்கர், சாதாரண ஸ்டீரியோவுக்கு நல்ல ஜோடி. ஆனால் ‘2.83 வோல்ட்டில்’ என்று குறிப்பிட்டிருந்தால் உஷார். 4 ஓம் ஸ்பீக்கரில் அது 2 வாட்ஸ் ஆகும். எண்ணிலிருந்து 3 ஐக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

ஓம்: ஸ்டீரியோ 4 ஓம் கேட்டால் 4 ஓம் ஸ்பீக்கரையே வாங்குங்கள். 2 ஓம் போட்டால் ஒலி கூடலாம், ஸ்டீரியோ சூடேறிக் கெடவும் கூடும்.

கூம்பு: மலைப்பகுதிக்காரர்கள் பேப்பர் கூம்பைவிட பாலிப்ரோப்பிலீன் கூம்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஈரத்தை உறிஞ்சாது.

கதவுதான் ஸ்பீக்கர் பெட்டி

வீட்டு ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து கழற்றி வெறுமனே ஒலிக்கவிட்டால் பாஸ் இருக்காது. கூம்பின் பின்பக்க ஒலி சுற்றி வந்து முன்பக்க ஒலியை அழிப்பதுதான் காரணம். காரில் அந்தப் பெட்டியின் வேலையைச் செய்வது கதவு. கதவில் ஓட்டை இருந்தால், என்ன விலை ஸ்பீக்கர் போட்டாலும் பாஸ் ஓடிவிடும்.

இந்தப் பெட்டிக்குள் மழையும் பெய்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கண்ணாடியின் வெளி ஓரத்தில் உள்ள ரப்பர் பீடிங், தண்ணீரை முழுவதும் தடுக்காது. ஒரு பகுதி கண்ணாடி வழியே கதவுக்குள் வழிந்து, அடியில் உள்ள சிறு துளைகள் வழியே வெளியேறும். கதவை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். அந்த ஈரம் வண்டிக்குள் வராமல் காப்பது, டோர் பேடுக்குப் பின்னால் கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும் ஒரு பாலிதீன் ஷீட். பார்த்தால் குப்பை போலத் தெரியும். அவசரத்தில் கிழித்துவிடுவார்கள்.

தங்கை வண்டியில் நடந்ததும் இதுவே. ஷீட்டைக் கத்தியால் கிழித்தவர் திரும்ப ஒட்டவில்லை. இது மூன்றாவது தவறு. நான்காவது, ஸ்பீக்கருக்கு அடியில் வைத்த எம்டிஎஃப் பலகை வளையம். மழை ஈரத்தில் அது ரொட்டி போல ஊதி, திருகுகள் தளர்ந்து, ஸ்பீக்கர் ஆடிக்கொண்டிருந்தது. நடுவட்டம் போன்ற ஊருக்கு பிளாஸ்டிக் வளையம்தான் சரி.

இன்னொரு முக்கியமான விஷயம். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சில புதிய கார்களில், கதவுக்குள் காற்றழுத்தத்தை உணரும் சென்சார் இருக்கும். பக்கத்திலிருந்து வண்டி மோதும்போது கதவுக்குள் அழுத்தம் திடீரென ஏறுவதை வைத்துத்தான் ஏர்பேக் விரிய வேண்டுமா என்று கணிக்கப்படுகிறது. அத்தகைய கதவில் புதிய துளை போடுவதும், ஷீட்டைத் திறந்தபடி விடுவதும் பாதுகாப்போடு விளையாடுவது. உங்கள் காரில் இது உண்டா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுக் கதவைத் தொடுங்கள்.

படிப்படியாகப் பொருத்துவது எப்படி?

நீங்களே செய்தாலும், கடையில் கொடுத்துப் பக்கத்தில் நின்று பார்த்தாலும், வரிசை இதுதான்.

1. இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, கார் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருக்கவும். சில ஸ்டீரியோக்கள் திரும்ப இணைக்கும்போது ரகசிய எண் கேட்கும். அதை முன்பே தேடி வைக்கவும்.

2. டோர் பேடின் திருகுகளைக் கழற்றி, கிளிப்புகளை பிளாஸ்டிக் நெம்புகோலால் ஒவ்வொன்றாக விடுவிக்கவும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் கிளிப் உடையும். ஒவ்வொரு கட்டத்திலும் மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளவும்.

3. பாலிதீன் ஷீட்டைக் கிழிக்காமல், பசையோடு மெதுவாக உரிக்கவும்.

4. பழைய ஸ்பீக்கரின் வயரை வெட்ட வேண்டாம். உங்கள் கார் மாடலுக்கு ஏற்ற கப்ளர் கடையில் கிடைத்தால் அதைப் பயன்படுத்தவும். பிறகு பழையதை மாட்ட வேண்டியிருந்தாலும் எளிது.

5. புது ஸ்பீக்கரை வயரில் இணைக்கும் முன், 1.5 வோல்ட் பேட்டரியை அதன் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பார்க்கவும். பேட்டரியின் பிளஸ், ஸ்பீக்கரின் பிளஸைத் தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும்.

6. ஸ்பீக்கர் வயர் எதையும் காரின் பாடியில் எர்த் செய்யக் கூடாது. ஸ்டீரியோ எரிந்துபோகக் கூடும்.

7. வளையத்துக்கும் கதவுக்கும் நடுவே ஃபோம் டேப் ஒட்டி, காற்று புகாதபடி திருகவும். கண்ணாடி நீர் ஸ்பீக்கரின் முதுகில் சொட்டாதபடி மேலே ஒரு சிறு பிளாஸ்டிக் மறைப்பு வைக்கலாம்.

8. கதவுத் தகடு அதிராமல் இருக்க பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டலாம். கதவின் அடியில் உள்ள நீர்த் துளைகளை மட்டும் மூடிவிட வேண்டாம். மூடினால் தண்ணீர் தேங்கித் தகடு துருப்பிடிக்கும்.

9. பாலிதீன் ஷீட்டை பியூட்டைல் பசை நாடாவால் முழு ஓரமும் ஒட்டவும். டோர் பேடில் உள்ள கப்ளர்களை எல்லாம் மாட்டிய பிறகே பேட்டரியை இணைக்கவும். கண்ணாடியை முழுக்க ஏற்றி இறக்கிப் பார்க்கவும்.

10. கடைசியாக, ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணாடி மீது ஊற்றவும். தண்ணீர் கதவின் அடியில் சொட்ட வேண்டும். உள்ளே ஒரு துளி வரக் கூடாது.

இவற்றில் கை வைக்க வேண்டாம்

கம்பெனியிலேயே பிராண்டட் ஆடியோவுடன் வரும் வண்டிகள் உண்டு. 2019 இல் வந்த டாடா ஹேரியரின் உயர் மாடலில் ஜேபிஎல் ஸ்பீக்கர்கள் 9. 2021 இல் வந்த மஹிந்திரா எக்ஸ்யுவி700 இன் உயர் மாடலில் சோனி ஸ்பீக்கர்கள் 12. இத்தகைய வண்டிகளில் தனி ஆம்ப்ளிஃபயர் இருந்தால், அது அந்த ஸ்பீக்கர்களுக்கு என்றே ஒலியைத் திருத்தி அனுப்பும். வேறு ஸ்பீக்கரைப் போட்டால் அந்தக் கணக்கு குலையும். ஒலி மோசமாகவும் ஆகலாம். புதிய வண்டிகளின் திரையோடு ரிவர்ஸ் கேமராவும் வண்டியின் பல செட்டிங்குகளும் இணைந்திருப்பதால், ஸ்டீரியோவை மாற்றுவதையும் தவிர்ப்பது நல்லது. வாரண்டி உள்ள வண்டியில் ஒரு வயரைக்கூட வெட்டச் சம்மதிக்காதீர்கள்.

மலைச் சாலையில் சத்தம் எவ்வளவு?

பாட்டு நன்றாக இருந்தால் வால்யூமைக் கூட்டத் தோன்றும். நடுவட்டத்திலிருந்து கூடலூருக்கு இறங்கும் வளைவுகளில், பனிமூட்டத்தில் பத்தடிக்கு மேல் கண் தெரியாத நாட்கள் உண்டு. அப்போது எதிர் வண்டி வருவதைச் சொல்வது ஹாரன் ஒன்றுதான். மலைச் சாலையில் இடம் போதாத இடத்தில், இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. வழிவிட வேண்டுமானால் முதலில் அந்த வண்டி வருவது காதில் விழ வேண்டும். கண்ணாடியைச் சற்று இறக்கினால் ஹாரன் தெளிவாகக் கேட்கும் அளவில் பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். வளைவு தொடங்கினால் இன்னும் குறையுங்கள். நல்ல ஸ்பீக்கரின் பயனே, குறைந்த ஒலியிலும் வார்த்தை தெளிவாகக் கேட்பதுதான்.

நடுவட்டம் வண்டிக்கு என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? புது ஸ்பீக்கர்களை நாங்கள் மாற்றவில்லை. அதே ஸ்பீக்கர்தான். வயரைத் திருப்பி இணைத்து, பிளாஸ்டிக் வளையம் வைத்து, ஷீட்டை ஒட்டி, கப்ளரைத் துடைத்துக் காயவைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. தங்கை அலமாரியில் வைத்திருந்த பழைய சிடிக்களை இரவெல்லாம் ரிப் செய்தாள். திங்கட்கிழமை மழையில் கூடலூர் போனோம். பின் சீட்டில் இருந்த அத்தை, “இந்தப் பாட்டுல புல்லாங்குழல் இருக்குன்னே இப்பத்தான் தெரியுது” என்றார். கார்பெட்டைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

ஆகவே கடைக்குப் போகும் முன் பைலைப் பாருங்கள், வயரைப் பாருங்கள், கதவைப் பாருங்கள். அதற்குப் பிறகும் குறை இருந்தால் ஸ்பீக்கருக்குப் பணம் கொடுங்கள்.